கங்கைக் கரையிலிருந்து காவிரிக் கரைக்கு

வங்க மண்ணில் வாழும் நமக்கு ஆண்டுதோறும் ஒரு நற்பருவம் வருகின்றது. மழை ஓய்ந்து வானம் தெளிகின்றது. ஊர்ப்புறத்து வெளிகளில் ‘காச்’ எனப்படும் நாணற்பூ வெள்ளை விரித்தாற்போல் பூத்து அசைகின்றது. விடியற்காலையில் பவழமல்லி மரத்தடியில் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. வங்க மக்கள் இப்பருவத்தைச் ‘சரத்’ என்று போற்றுவர். தெருவெங்கும் துர்க்கை பூசைக்கான பந்தல்கள் எழும். நம் வீடுகளில் கொலுப்படிகள் ஏறும். விசயதசமி கழிந்ததும் நாம் பெட்டி படுக்கைகளைக் கட்டிக்கொண்டு அவுராவுக்கோ சாலிமாருக்கோ புறப்பட்டுவிடுவோம்.

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். கூதிர் என்பது குளிர்ந்த காற்றும் மழையும் கலந்த காலம். வங்கத்தில் வானம் திறக்கும் அதே நாள்களில் தமிழகத்தில் வானம் மூடத் தொடங்குகின்றது. ஒரு வண்டியில் ஏறி ஒன்றரை நாள் பயணம் செய்யும் நாம், உண்மையில் ஒரு பருவத்திலிருந்து இன்னொரு பருவத்துக்குச் செல்கின்றோம்.

இப்பயணத்தை நாம் எவ்வாறு செய்கின்றோம்? ஏறியதும் இடம் பார்த்துப் படுக்கின்றோம், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கின்றோம், உறங்கி விழிக்கின்றோம், சென்னை வந்ததும் இறங்குகின்றோம். இடையில் உள்ள 1,660 கிலோமீட்டரும் நமக்கு இருட்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் குடும்பத்தோடு இவ்வாறு சென்றுகொண்டிருந்தோம். வண்டி கோதாவரிப் பாலத்தின்மேல் ஏறிற்று. எதிர் இருக்கையிலிருந்த முதியவர் ஒருவர் சன்னல் வழியே ஒரு நாணயத்தை ஆற்றில் எறிந்து கைகூப்பினார். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த எம் வீட்டுச் சிறுமி அதைப் பார்த்துவிட்டு, “ஏட்டா கி ஆமாதேர் நோதி?” என்று கேட்டாள். ‘இது நம்முடைய ஆறா?’ என்பது அதன் பொருள். அவள் வங்க மொழியில் கேட்டதும் எமக்கு வருத்தம் தரவில்லை. விடை சொல்லத் தெரியாமல் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதே வருத்தம் தந்தது.

அந்தச் சிறுமிக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையையே ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

முன்னோர் நடந்த வழி

கங்கைக்கும் காவிரிக்கும் இடையேயுள்ள தொடர்பு இருப்புப்பாதையோடு பிறந்ததன்று. புகார் நகரத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களைப் பட்டியலிடும் பட்டினப்பாலை, கங்கைப் பகுதியின் விளைபொருளையும் அவற்றோடு சேர்த்தே எண்ணுகின்றது. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாகியான் தாமிரலிப்தித் துறைமுகத்தில் ஈராண்டு தங்கிப் பௌத்த நூல்களைப் படியெடுத்தார். பின்னர்க் குளிர்காலத்தின் தொடக்கத்தில் வீசும் காற்றுக்குக் காத்திருந்து வணிகக் கப்பல் ஒன்றில் ஏறினார். பதினான்கு பகலும் இரவும் கடந்து இலங்கையை அடைந்தார். அந்தத் தாமிரலிப்தியே இன்றைய தம்லுக். நம் வண்டி அவுராவை விட்டுப் புறப்பட்டு ஒரு மணி நேரம் சென்றபின் கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றைக் கடக்கின்றதே, அதே ஆற்றின் கீழ்ப்போக்கில் தம்லுக் அமைந்திருக்கின்றது. பூசை முடிந்து தெற்கே செல்லும் நாம், அறியாமலேயே பாகியான் புறப்பட்ட பருவத்தை ஒட்டிப் புறப்படுகின்றோம்.

கடல்வழி வணிகர்க்கும் துறவியர்க்கும் உரியதாயிருக்க, நிலவழியில் 11ஆம் நூற்றாண்டில் ஒரு பெரும்படை நடந்தது. முதலாம் இராசேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பு கி.பி. 1022, 1023ஆம் ஆண்டுகளை ஒட்டியது என்பர். போளூர் வட்டத்துத் திருமலையில் உள்ள, அம்மன்னனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் இதன் வரலாறு மெய்க்கீர்த்தியாகப் பொறிக்கப்பட்டுள்ளது. சக்கரக்கோட்டம், ஒட்ட விசயம், கோசல நாடு ஆகியவற்றைக் கடந்து தண்டபுத்தி, தக்கணலாடம், வங்காளதேசம், உத்திரலாடம் என்னும் நாடுகளைப் படை வென்றதாக அது கூறுகின்றது.

இப்பெயர்கள் நமக்கு அயலானவை அல்ல என்பதைக் கருதிப் பார்த்தல் வேண்டும். தண்டபுத்தி என்பது இன்றைய மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்தில் உள்ள தாந்தன் பகுதி என்று ஆய்வாளர் கொள்வர். கரக்பூரைத் தாண்டி ஒரிசா எல்லையை நெருங்கும்போது நம் வண்டி நிற்காமலே விரைந்து கடக்கும் சிறிய நிலையம் அது. தக்கணலாடம் என்பது தென் இராடம். அவுராவும் ஊக்ளியும் அதன் பகுதிகள். ஆகவே நாம் வண்டியேறும் மேடையே அக்கல்வெட்டில் குறிக்கப்பட்ட நாட்டில்தான் இருக்கின்றது. வங்காளதேசத்தை மழை ஓயாத நாடு என்று அம்மெய்க்கீர்த்தி அடைமொழி தந்து சுட்டுகின்றது. ஆடி மாதத்தில் முழங்கால் நீரில் நடந்து அலுவலகம் சென்ற எவரும் அப்புலவரின் கூற்றை மறுக்கமாட்டார்கள்.

இந்தப் படை நாம் செல்லும் கடற்கரை வழியாகவே முழுவதும் சென்றது என்று எண்ணிவிடலாகாது. சக்கரக்கோட்டம் இன்றைய பஸ்தர்ப் பகுதி. கோசலம் மகாநதியின் மேற்பகுதி. எனவே படை உள்நாட்டுக் காடுகள் வழியே சுற்றிச் சென்று தண்டபுத்தியில் வங்கத்தின் வாயிலை அடைந்தது. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் வேறொரு செய்தியையும் தருகின்றன. ஆறுகளைக் கடக்க யானைகளையே பாலமாக நிறுத்திப் படை கடந்ததாம். கங்கை நீரைத் தளபதி கொணர, மன்னன் கோதாவரிக் கரைவரை வந்து எதிர்கொண்டானாம். ஆகவே, கோதாவரி நமக்கு இடைவழியில் வரும் ஓர் ஆறு மட்டுமன்று. கங்கை நீரைத் தமிழ்வேந்தன் முதன்முதல் கையில் ஏற்ற இடம்.

ஆறுகளைத் தாண்டிய இருப்புப்பாதை

யானைகள் பாலமாக நின்ற செய்தி வெறும் புலமைப் புனைவு என்று சிலர் கருதக்கூடும். ஆனால் கீழைக்கடற்கரையில் வடக்கு தெற்காகச் செல்வோர் எக்காலத்திலும் எதிர்கொண்ட இடர் ஆறுகளே. எல்லாப் பேராறுகளும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக் குறுக்கே நிற்கின்றன. குலோத்துங்க சோழனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கி.பி. 1110ஐ ஒட்டிக் கலிங்கத்தின்மேல் படைநடத்தினான். அவ்வரலாற்றைக் கலிங்கத்துப்பரணியாகப் பாடிய செயங்கொண்டார், படை கடந்த ஆறுகளைப் பாலாறு முதலாகப் பெயர் சொல்லி அடுக்குகின்றார். பெண்ணை, கிருட்டிணை, கோதாவரி என அப்பட்டியல் நீள்கின்றது. அதனைத் தலைகீழாகப் படித்தால் நம் வண்டியின் கால அட்டவணையைப் படித்ததுபோல் இருக்கும்.

இருப்புப்பாதை அமைத்தோரையும் இதே ஆறுகளே தடுத்து நிறுத்தின. பெசவாடாவிலிருந்து கடகம்வரை கீழைக்கடற்கரை அரசு இருப்புப்பாதை 1893 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. எனினும் கோதாவரிக்குப் பாலம் இல்லை. 1897 பிப்பிரவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில்தான் சென்றார். பச்பச் துறையில் இறங்கி, அங்கிருந்து தனி வண்டியில் சியால்டா சேர்ந்தார். 1900ஆம் ஆண்டில் கோதாவரிப் பாலமும் கோலாகாட்டுப் பாலமும் திறக்கப்பட்டன. கல்கத்தா–சென்னை அஞ்சல் வண்டியும் அவ்வாண்டிலேயே ஓடத் தொடங்கிற்று. அந்தப் பழைய கோதாவரிப் பாலம் 1997வரை உழைத்து ஓய்வு பெற்றது. இன்று நம் வண்டிகள் 1974இல் திறந்த பாலத்திலோ 1997இல் திறந்த வில்வளைவுப் பாலத்திலோ செல்கின்றன. ஓய்வு பெற்ற பாலம் அருகிலேயே நிற்கின்றது. சன்னல் வழியே காணலாம்.

கணக்கெழுதவும் தட்டச்சுச் செய்யவும் கல்கத்தா வந்த நம் பாட்டன்மார் பலர் இந்தப் பாலங்கள் கட்டப்பட்டபின் வந்தவரே. ஏரிச்சந்தை வட்டாரத்தில் காப்பிக்கொட்டையும் வாழையிலையும் கிடைக்கத் தொடங்கியதற்கும் கோதாவரியில் தூண் நட்ட தொழிலாளர்களுக்கும் தொடர்பு உண்டு. 1977 மார்ச்சில் கோரமண்டல் விரைவு வண்டி வந்தபின் பயணம் மேலும் சுருங்கியது. பயணம் சுருங்கச் சுருங்க வழியில் உள்ள ஊர்கள் நம் கண்ணிலிருந்து மறைந்தன என்பதும் உண்மை.

திட்டமிடல்

நம் குடும்பத்து இளைஞர் சிலர் இன்று ஐரோப்பாவுக்குச் செல்கின்றனர். ஸ்பெயின் நாட்டின் தொலேதோ, கோர்டோபா, செவில்லா, கிரனாடா முதலிய பழைய நகரங்களை இலையுதிர் காலத்தில் இரயிலிலேயே சுற்றிவர விரும்புவோர், எந்த நகரில் எத்தனை இரவு, எந்தக் கோட்டைக்கு எந்தக் காலை என்று மாதக்கணக்கில் முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்கின்றனர். அது பாராட்டத்தக்கதே. கோர்டோபாவின் பெரிய பள்ளிவாசல் இறுதியாக விரிவாக்கப்பட்டது 10ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில். அதே காலத்தில்தான், 985இல், முதலாம் இராசராசன் தஞ்சையில் அரசுகட்டில் ஏறினான். கோர்டோபாவின் கலீபா ஆட்சி 1031இல் முடிவுற்றபோது இராசேந்திரனின் புதுத் தலைநகரம் ஓங்கி வளர்ந்துகொண்டிருந்தது. அந்நகர்களைக் காணக் காட்டும் கருத்தில் பாதியையேனும், ஆண்டுதோறும் உறங்கிக் கடக்கும் நம் வழிக்குக் காட்டலாகாதா?

விசயதசமிக்கும் தீபாவளிக்கும் இடையே ஏறத்தாழ 18 நாள்கள் உள்ளன. அவற்றுள் ஐந்தாறு நாள்களை வழிக்கென ஒதுக்கினால் போதும். இருப்புப்பாதை விதிகளில் நம்மில் பலர் அறியாத வசதி ஒன்று உண்டு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணச்சீட்டு உடையவர் இடையில் இறங்கித் தங்கிப் பின் தொடரலாம். 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டால் இருமுறை இறங்கலாம். முதல் இறக்கம் புறப்பட்ட இடத்திலிருந்து 500 கிலோமீட்டர் கடந்தபின் இருத்தல் வேண்டும். சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக இரண்டு நாள் தங்கலாம். சிலவகை வண்டிகளுக்கு இது பொருந்தாது. ஒவ்வொரு பகுதிக்கும் இடம் பதிவு செய்தலும் வேண்டும். ஆதலின் முன்பதிவு நிலையத்தில் நேரில் கேட்டுச் சீட்டு வாங்குதல் நலம்.

இவ்விதியின்படி பார்த்தால் புவனேசுவரம் அவுராவிலிருந்து 437 கிலோமீட்டரே. அங்கு இறங்கத் தனிச்சீட்டு வேண்டும். எனவே கடகம், புவனேசுவரம், பூரி ஆகியவற்றை வேறொரு விடுமுறைக்கு வைத்துக்கொண்டு, சென்னைச் சீட்டின் இரு இறக்கங்களையும் விசாகப்பட்டினத்துக்கும் இராசமகேந்திரவரத்துக்கும் பயன்படுத்துதல் தகும். முன்பதிவு 2024 நவம்பர்முதல் 60 நாள்களுக்கு முன்னரே திறக்கின்றது. முன்போல் 120 நாள் இல்லை. பூசைக்கால வண்டிகள் பதிவு திறந்த அன்றே நிரம்பிவிடும் என்பதை நாம் பட்டறிந்திருக்கின்றோம்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. இக்காலம் வங்கக் கடலில் புயல் பிறக்கும் காலம். 1999 அக்டோபர் 29இல் ஒரிசாவைச் சூறையாடிய பெரும்புயலும், 2014 அக்டோபர் 12இல் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஊத்ஊத் புயலும் பூசையை ஒட்டிய நாள்களிலேயே வந்தன. திட்டத்தில் ஒருநாள் இடைவெளி விட்டு வைத்தல் அறிவுடைமை.

கலிங்கம்

தாந்தனைக் கடக்கும்போது பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். அதன் அருகிலுள்ள மொகல்மாரியில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தார் 2003ஆம் ஆண்டுமுதல் அகழ்ந்து பழைய பௌத்தப் பள்ளி ஒன்றை வெளிக்கொணர்ந்துள்ளனர். அடுத்துப் பாலசோர் மாவட்டம். 2023 சூன் 2ஆம் நாள் மாலை பகநாகா பசார் நிலையத்தருகே கோரமண்டல் விரைவு வண்டி உள்ளிட்ட மூன்று வண்டிகள் மோதியதில் 290 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் பலர் தெற்கே வேலைக்குச் சென்றுகொண்டிருந்த வங்கத்து உழைப்பாளிகள். அன்றிரவு நம் வீடுகளிலும் தொலைபேசி ஓயவில்லை. அவ்விடத்தைக் கடக்கையில் ஒரு நொடி தலைதாழ்த்துதல் நம் கடமை.

மகாநதியைத் தாண்டிக் கடகம் வருகின்றது. இந்நகரின் சிறப்போடு சேர்த்து எண்ணத்தக்கவன் அனந்தவர்மன் சோடகங்கன். 1078இல் முடிசூடி ஏறத்தாழ 70 ஆண்டு ஆண்டவன். பூரி செகந்நாதர் பெருங்கோயிலை எழுப்பத் தொடங்கியவன். அவன் தாய் இராசசுந்தரி சோழ அரசர்தம் மகள். சோடகங்கன் என்னும் பெயரிலேயே சோழமும் கங்கமும் இணைந்து நிற்கின்றன. கலிங்கத்துப்பரணியில் தோற்றவனாகப் பேசப்படும் மன்னன் இவனே. பரணியைப் படித்துப் பெருமை கொள்ளும் நாம், வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் இடையே குருதியுறவு இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். இவனது பழைய தலைநகரான கலிங்கநகரம் வம்சதாரை ஆற்றங்கரையில் இன்று முகலிங்கம் என்னும் சிற்றூர். சீகாகுளம் சாலை நிலையத்திலிருந்து சாலை வழியே அதனை அடையலாம்; விசாகப்பட்டினத்தில் தங்குவோர் ஒரே நாளில் சென்று மீளலாம்.

விசாகப்பட்டினம் ஒரு காலத்தில் குலோத்துங்கசோழப்பட்டினம் எனவும் வழங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அதனை அடுத்த சிம்மாசலக் குன்றில் வராக நரசிங்கர் கோயில் உள்ளது. அங்குள்ள பழைய கல்வெட்டுகளுள் ஒன்று குலோத்துங்கன் காலத்தைச் சார்ந்தது. 11ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பொறிக்கப்பட்டது.

கோதாவரி

இரண்டாவது இறக்கம் இராசமகேந்திரவரம். இந்நகரோடு பெயர் பிணைந்த கீழைச்சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரன், முதலாம் இராசராசனின் மகள் குந்தவை ஈன்ற மகன். இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தவன். இவ்விருவர்க்கும் பிறந்தவனே சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். நரேந்திரனின் அவையில்தான் நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். தமிழகத்துப் பெண் மருமகளாய்ச் சென்ற வீட்டில் தெலுங்குக் காப்பியம் பிறந்தது. மொழி மாறிய வீட்டில் வாழும் நமக்கு இது ஆறுதலான செய்தியன்றோ?

மாலையில் ஆற்றங்கரையில் அமருங்கள். 1510ஐ ஒட்டி வங்கத்து நவத்வீபத்தில் பிறந்த சைதன்யர் பூரியிலிருந்து தெற்கே நடந்து வந்தார். கோதாவரிக் கரையில்தான் அவர் இராமானந்த ராயரைக் கண்டு உரையாடினார். பின்னர் நடந்தே திருவரங்கம் அடைந்து மழைக்காலம் நான்கு திங்களும் அங்குத் தங்கினார். இராமேசுவரம்வரை சென்று திரும்பினார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இராசேந்திரன் படையை எதிர்கொண்ட ஆற்றங்கரையில், படையின்றி ஒரு வங்கத் துறவி தெற்கு நோக்கி வந்தார். படை கொண்டு சென்றது ஒரு குடம் நீர். அவர் கொண்டு சென்றது பாட்டு.

இங்கிருந்து சென்னைவரை ஓரிரவுப் பயணம். விசயவாடாவில் கிருட்டிணையைக் கடக்கும்போது ஒன்றை நினைவுகூரலாம். அதன் கரையிலுள்ள அமராவதித் தூபியின் சிற்பங்களை 1797இல் கண்டு உலகுக்கு அறிவித்த காலின் மெக்கன்சி, 1821இல் இறந்து கல்கத்தாவின் பார்க் தெருக் கல்லறையில் துயில்கின்றார். அமராவதிக் கற்கள் சிலவற்றை நம் சௌரங்கியில் உள்ள இந்திய அருங்காட்சியகத்திலும், மிகுதியானவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் காணலாம். புறப்படுமுன் ஒன்றும் சேர்ந்தபின் ஒன்றுமாக இரண்டையும் காண்பது பயணத்துக்கு நல்ல தொடக்கமும் முடிவும் ஆகும்.

வங்கத்திலிருந்து வந்தவர்

எழும்பூரிலிருந்து விழுப்புரம் வழியாகச் சிதம்பரம் செல்லும் வண்டியில் ஏறுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இருப்புப்பாதை இல்லை. சிதம்பரத்திலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ பேருந்தில் செல்லுதல் வேண்டும். திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டான் என்றொரு நிலையம் உண்டு. பெயர் ஒற்றுமை கருதி அதற்குச் சீட்டு வாங்கிவிடலாகாது!

இராசேந்திரன் எழுப்பிய கோயில் அங்கு நிற்கின்றது; மாளிகை அடித்தளமாக மட்டும் எஞ்சியுள்ளது. கொணர்ந்த கங்கை நீரை அவன் ஏரியில் பெய்து, நீராலாகிய வெற்றித்தூண் என்று பெயரிட்டான் எனச் செப்பேடு கூறும். அச்சோழகங்கம் இன்று பொன்னேரி. ஐப்பசி முழுமதி நாளில் கோயிலின் பேரிலிங்கம் முழுதும் சோற்றால் மூடப்பெறும் அன்னாபிடேகத்தைக் காண ஊர்கள் திரளும். நாள் பொருந்தி வருமாயின் அதனையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

எனினும் இப்பயணத்தின் கடைசி நிலையாக நாம் பரிந்துரைப்பது வேறோர் ஊர். காட்டுமன்னார்கோயிலை அடுத்த மேலக்கடம்பூரில் தேர் வடிவில் அமைந்த சோழர் காலக் கோயில் ஒன்று உள்ளது. அங்குப் பத்துக் கைகளுடன் காளையின்மேல் நின்று ஆடும் சிவபெருமானின் செப்புத்திருமேனி ஒன்று இருக்கின்றது. அது தமிழகத்து வார்ப்பன்று. பாலர் காலத்து வங்கக் கலைஞர் கைவண்ணம். இராசேந்திரன் படை கொணர்ந்தது என்பது மரபு. தில்லையில் ஆடுபவர் முயலகன்மேல் ஆடுகின்றார். வங்கத்தில் நர்த்தேசுவரர் என வழிபடப்பெற்றவர் காளைமேல் ஆடுகின்றார். அத்திருமேனி ஏறத்தாழ ஆயிரமாண்டாக இங்கே தமிழ் கேட்கின்றது. அதனை யாரும் அயலார் என்று ஒதுக்கவில்லை. பிரதோச நாளில் வெளியே எடுத்து வழிபடுகின்றனர். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகின்றனர்.

அத்திருமேனியின்முன் நிற்கும்போது இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. முதலாவது, அது வெற்றிப்பொருளாக வந்தது என்பது. வங்க நாட்டில் எங்கோ ஒரு கோயில் அன்று வெறுமையாயிற்று. ‘கங்கை கொண்டான்’ என்று மேடைகளில் முழங்கும் நாம் கங்கைக் கரையில் குடியிருக்கின்றோம். அண்டை வீட்டு வங்கக் குழந்தையும் நம் குழந்தையும் ஒரே பள்ளியில் ஒரே வரலாற்றுப் பாடத்தைப் படிக்கின்றனர். ஒருவர்க்கு வெற்றியாகத் தோன்றுவது மற்றவர்க்கு வேறாகத் தோன்றும். வென்றோம் என்பதை மட்டுமே பிள்ளைக்குச் சொல்லித் தருவோமாயின், அது வாழும் ஊரில் வேரூன்றாது. போன ஊரையும் உள்ளவாறு அறியாது.

இரண்டாவது எண்ணம் இனியது. வந்த வழி எதுவாயினும், வந்தவர் தங்கிவிட்டார். தமக்குரிய ஆட்டத்தை மாற்றிக்கொள்ளாமலே ஊராரில் ஒருவரானார். இன்று அதே வழியில் வேலூர் மருத்துவமனையை நாடி வங்கக் குடும்பங்கள் வருகின்றன. திருப்பூருக்கும் சென்னைக்கும் வங்கத் தொழிலாளர் வருகின்றனர். நம் பாட்டனார் அவுராவில் இறங்கி மொழி தெரியாமல் நின்றதுபோலவே அவர்கள் சென்னை நிலையத்தில் நிற்கின்றனர். அவர்களிடம் வங்க மொழியில் இரண்டு சொல் பேசி வழிகாட்ட நம்மினும் தகுதியுடையார் யார்?

சிறுமியின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஆம், கோதாவரி நம்முடைய ஆறு. ஊக்ளியும் நம்முடைய ஆறு. காவிரியும் நம்முடைய ஆறு. வென்றதனால் எதுவும் நமதாகிவிடவில்லை. வழியெங்கும் உறவாலும் நடையாலும் பாட்டாலும் பிறர் நமக்கு விட்டுச்சென்றதனால் நமதாயிற்று. அதனை அறிய ஒரே வழி, இடையில் இறங்குவது. வரும் பூசை விடுமுறையில் பெட்டியைக் கட்டுவதற்கு இரண்டு மாதம் முன்பே, பிள்ளைகளை அருகே இருத்திக்கொண்டு, படத்தை விரித்து, எங்கெங்கே இறங்கலாம் என்று அவர்களையே கேளுங்கள்.